டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் நீங்களே மாற்றுவதற்கு முன்: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

கார் எஞ்சினில் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் முதன்முறையாகத் தாமே மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காரில் இந்த வேலையைச் செய்து முடித்தபோது, போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டியதற்கு ஆன நேரத்தைவிட, எந்தக் குறியை நம்புவது, எந்தப் பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது, எதை எவ்வளவு இறுக்குவது என்று தேடி அலைந்த நேரமே அதிகமாக இருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் இதில் உள்ள ஆபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் (சுருக்கமாக, கிராங்க்) இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் (கேம்) ஒரு முறை சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் காப்பது பல் வைத்த இந்த ரப்பர் பெல்ட்தான். பல எஞ்சின்களில் திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். அத்தகைய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ, பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்காகும் செலவு பெல்ட் மாற்றும் செலவைப்போலப் பல மடங்கு. பெல்ட்டைத் தவறாகப் பூட்டினாலும் இதே கேடுதான் வரும் என்பதால், இந்த வேலையில் வேகத்துக்கு இடமே இல்லை.

1. உங்கள் எஞ்சினில் இருப்பது எது என்று உறுதிசெய்யுங்கள்

எல்லாக் கார்களிலும் டைமிங் பெல்ட் இருக்காது. பல எஞ்சின்களில் செயின் இருக்கும். அவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. வேறு சில எஞ்சின்களில் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். ஃபோர்டின் 1.0 லிட்டர் எகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றின் முதல் தலைமுறை எஞ்சின்கள் அந்த வகை. அந்த வேலையின் முறை வேறு, கருவிகளும் வேறு என்பதால் புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஓடவைக்கும் வாட்டர் பம்பைச் சுற்றுவது எது என்று பாருங்கள். டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றும் எஞ்சின்களில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. வெளியில் ஓடும் ஃபேன் பெல்ட்டால் சுற்றும் பம்ப் என்றால், அதைத் தனியாக எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இப்போதே மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

மாற்ற வேண்டிய காலத்தைப் பொறுத்தவரை, எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபட்டாலும், தயாரிப்பாளர்கள் தரும் வரம்பு பெரும்பாலும் 60,000 கிலோமீட்டருக்கும் 1,60,000 கிலோமீட்டருக்கும் இடையில் இருக்கும். அதோடு ஆண்டுக் கணக்கில் ஒரு வரம்பும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. குறைவாக ஓடும் காரில் ஆண்டுக் கெடுதான் முதலில் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய காராக வாங்கி, பெல்ட் மாற்றியதற்கு எழுத்துவழிச் சான்று எதுவும் கிடைக்காவிட்டால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கவரைத் திறந்து பார்த்து, பெல்ட்டில் வெடிப்பு இல்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யாதீர்கள். இக்காலப் பெல்ட்டுகள் வெளியே பழுது காட்டாமலே உள்ளிழை தளர்ந்து பற்களை இழக்கக்கூடியவை.

2. ஆவணங்களை முதலில் சேகரியுங்கள்

உங்கள் எஞ்சினுக்கே உரிய சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். காரின் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஒரே ஆண்டில் வந்த கார்களில் இரண்டு மூன்று வகை எஞ்சின்கள் இருக்கும். ஒன்றின் குறிகள் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் பிளாக்கிலோ அதன்மேல் ஒட்டிய வில்லையிலோ உள்ள எஞ்சின் குறியீடு, இதுவரையிலான சர்வீஸ் பதிவுகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாகம் வாங்கும்போதும் மேனுவல் தேடும்போதும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

மேனுவல் கிடைத்ததும் கீழ்க்கண்டவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வேலை செய்யும் இடத்தில் கண்ணுக்கு நேராக ஒட்டிவிடுங்கள்: டைமிங் குறிகளின் (கிராங்கும் கேமும் சரியான நிலையில் நிற்பதைக் காட்டும் அடையாளங்கள்) படம், எஞ்சின் சுற்றும் திசை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய இறுக்க அளவு, மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள், கூலன்ட்டின் வகையும் கொள்ளளவும், அதன் பாதையிலிருந்து காற்று வெளியேற்றும் முறை. கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது மேனுவலின் பக்கங்களைப் புரட்டித் தேடுவது பெரிய தொல்லை. காணொளிகளைக் கைவேலை எப்படி என்று பார்த்துக்கொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்களை மேனுவலிலிருந்தே எடுங்கள்.

கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், நீங்களே செய்த வேலை அந்த உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்பதை விதிகளில் படித்துவிட்டு முடிவெடுங்கள். பாகங்களுக்கும் அப்படித்தான்: பாகங்கள் சேர்ந்து வரும் முழு கிட்டையும் தொழில்முறை மெக்கானிக் பூட்டியிருந்தால்தான் உத்தரவாதம் என்று சில தயாரிப்பாளர்கள் நிபந்தனை வைப்பதுண்டு.

3. பாகங்களும் செலவும்

பெல்ட்டை மட்டும் வாங்கிச் செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணம் வரும், அதை விட்டுவிடுங்கள். இந்த வேலையின் செலவில் பெரும்பங்கு உழைப்புக்கே போகிறது. பம்பை எட்டுவதற்கு என்னென்ன கழற்ற வேண்டுமோ அவை அனைத்தையும் பெல்ட்டுக்காக எப்படியும் கழற்றப் போகிறீர்கள். பழைய பம்பை விட்டுவைத்து, சில மாதங்களில் அது ஒழுகத் தொடங்கினால், முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கூலன்ட்டில் நனைந்த புதுப் பெல்ட்டும் வீண். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, டென்ஷனர் ஆகியவற்றின் பேரிங்குகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். புதிய பெல்ட் நன்றாக இருந்தும், பழைய டென்ஷனரின் பேரிங் இறுகிப்போனால் பெல்ட் அதோடு போகும்.

ஆகவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர்கள், பம்ப், அதன் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், மாற்ற வேண்டிய போல்ட்டுகள் ஆகியவை அடங்கிய முழு கிட்டாக வாங்குங்கள். கேட்ஸ், டேகோ, கான்டினென்டல், ஐ.என்.ஏ., எஸ்.கே.எஃப்., ஐசின் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கிட்டுகளை விற்கின்றன. புகழ்பெற்ற பெயர்களுக்குப் போலிகளும் உண்டு என்பதால், விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள். கிட்டுக்கு வெளியே கூலன்ட், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், கிராங்க் ஆயில் சீல், கேம் ஆயில் சீல் ஆகியவற்றையும் வாங்கி வையுங்கள். இவற்றில் சில பயன்படாமல் போகலாம். கழற்றிய பிறகு கடைக்கு ஓடுவதைவிட, பயன்படாததைத் திருப்பிக் கொடுப்பது எளிது.

பெட்டி வந்த அன்றே ஒவ்வொன்றையும் மேனுவலின் படத்தோடு ஒப்பிடுங்கள். எனக்கு வந்த கிட்டில் பம்பின் ஓ-ரிங் மட்டும் வேறு அளவு. பம்பின் காடியில் வைத்துப் பார்த்தபோது படியாமல் ஒரு பக்கம் எழும்பி நின்றது. விற்பனையாளர் மாற்றித் தரச் சில நாட்கள் எடுத்துக்கொண்டார். கார் அதுவரை பிரிக்கப்படாமல் இருந்ததால் அந்தத் தாமதம் என்னைப் பாதிக்கவில்லை.

செலவைக் கணக்கிடும்போது பாகங்கள், கருவிகள், கூலன்ட் போன்ற செலவழியும் பொருட்கள் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பிறகு இரண்டு ஒர்க் ஷாப்புகளில் பாகம் தனியாகவும் கூலி தனியாகவும் எழுதி வாங்கி, ஒப்பிட்டுப் பாருங்கள். கேமையும் கிராங்கையும் அசையாமல் நிறுத்த உங்கள் எஞ்சினுக்கென்றே செய்த பூட்டுக் கருவிகளையும், போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சையும் புதிதாக வாங்குவதே அந்தக் கூலியில் பாதியைத் தாண்டுமானால், ஒரே ஒரு முறைக்காக வாங்குவதில் பொருளில்லை. அவற்றை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒர்க் ஷாப்பிலேயே கொடுத்துவிடுவது நல்ல முடிவுதான்.

4. கருவிகளும் நேரமும்

சாக்கெட் செட், இறுகிய போல்ட்டைத் தளர்த்தும் நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் கருவி, ஜாக், இரண்டு ஸ்டாண்டுகள், சக்கரத் தடுப்புக் கட்டைகள், கிராங்க் புல்லியைப் பிடிக்கும் கருவி, தேவைப்பட்டால் அதை இழுக்கும் புல்லர், கேம்களையும் கிராங்கையும் நிலைநிறுத்தும் பின்கள், கூலன்ட் பிடிக்கும் அகலப் பாத்திரம், வெள்ளைப் பெயிண்ட் மார்க்கர், பிளாஸ்டிக் சுரண்டி ஆகியவை வேண்டும். டார்க் ரெஞ்ச் இரண்டு இருந்தால் நல்லது. பம்ப் போல்ட் பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கிராங்க் போல்ட் சிலவற்றில் 200-ஐத் தாண்டும். ஒரே ரெஞ்ச் இரண்டையும் துல்லியமாக அளக்காது.

பழகிய மெக்கானிக் சில மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு, முதல்முறை செய்பவர் இரண்டு முழு நாட்களை ஒதுக்க வேண்டும். மூன்றாவது நாள் அந்தக் கார் இல்லாமலும் உங்களால் சமாளிக்க முடிய வேண்டும். மறுநாள் காலை கார் கட்டாயம் வேண்டும் என்ற நெருக்கடியில் இதைத் தொடங்காதீர்கள். சரிபார்க்கும் படிகளைத் தாவத் தூண்டுவது அந்த நெருக்கடிதான்.

5. காரைத் தயார்செய்தல்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

பிறகு கூலன்ட்டைப் பாத்திரத்தில் இறக்குங்கள். பெரும்பாலான கூலன்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளோ நாய் பூனைகளோ நாவால் தொடாதபடி உடனே மூடி வைத்து, கழிவு எண்ணெய் ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

6. வழியில் இருப்பவற்றைக் கழற்றுதல்

சக்கரம், சக்கரக் குழியின் உள்மறைப்பு, ஃபேன் பெல்ட், மேல் டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாக வரும். ஃபேன் பெல்ட் எந்தப் புல்லியின் மேலே, எதன் கீழே போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குறுக்காக அமைந்த கார்களில் பெரும்பாலும் ஒரு பக்க எஞ்சின் மவுண்ட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் எஞ்சினைக் கீழிருந்து தாங்குங்கள். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் நசுங்காமல் இருக்க ஜாக்குக்கும் சம்ப்புக்கும் இடையில் அகலமான மரப்பலகை ஒன்றை வையுங்கள்.

கழற்றும் போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஓர் அட்டையில் அந்தக் கவரின் அல்லது பம்பின் வெளிவடிவத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் துளையிட்டு, அந்தந்தப் போல்ட்டை அதிலேயே குத்தி வையுங்கள். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும்; நீளமானதை ஆழம் குறைந்த துளையில் போட்டு இறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடும்.

7. கிராங்க் போல்ட்டும் டைமிங் குறிகளும்

கிராங்க் போல்ட்டை அசைக்கும்போது கிராங்க் நகர்ந்துவிடும் என்பதால், முதலில் போல்ட்டைத் தளர்த்திவிட்டுப் பிறகு குறிகளை நேர்படுத்துங்கள். புல்லியைப் பிடிக்கும் கருவியைக் கொண்டே தளர்த்துங்கள். கிராங்கையும் கேமையும் நிலைநிறுத்தும் பின்கள் குறி தவறாமல் காப்பதற்கு மட்டுமே உரியவை. அவற்றை நம்பி இந்தப் போல்ட்டைத் திருகினால் பின் வளையும், அல்லது அதன் இருப்பிடம் உடையும். பிரேக்கர் பாரைத் தரையில் ஊன்றிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டிப் போல்ட்டைத் தளர்த்தும் வழக்கம் ஒன்றும் உண்டு. அது கையை உடைக்கும் வழி. செய்யாதீர்கள்.

இனி எஞ்சினைக் கையால் சுற்றி முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அழுத்தம் இருக்காது, எளிதாகச் சுற்றும். எஞ்சின் ஓடும் திசையிலேயே, கிராங்க் வழியாக மட்டும் சுற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுபவை. ஹோண்டாவின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பல அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். கிராங்க் குறி சரியாக வந்தும் கேம் குறி நேரெதிர்ப் பக்கத்தில் நின்றால் பதறாதீர்கள். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கேம் குறியும் இடத்துக்கு வரும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வெளிப்புறக் கிராங்க் புல்லியில் உள்ள குறியை இறுதியானதாகக் கொள்ளாதீர்கள். அந்தப் புல்லி பல கார்களில் நடுவில் ரப்பர் வைத்து இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. ரப்பர் வயதாகி வெளிவளையம் நழுவியிருந்தால் குறியும் நகர்ந்திருக்கும். புல்லியையும் கீழ்க் கவரையும் எடுத்த பிறகு தெரியும் கிராங்க் பல்சக்கரத்தின் குறியையே நம்புங்கள். அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் இருக்கலாம். சுபாருவின் இ.ஜே. வகை எஞ்சின்களில் பல்சக்கரத்தில் அம்புக்குறியும் இருக்கும், சிறு கோடும் இருக்கும். பெல்ட் பூட்டுவதற்குக் கோட்டைத்தான் நேர்படுத்த வேண்டும், அப்போது பிஸ்டன்கள் பாதி வழியில் நிற்கும். உச்சி நிலைதான் எப்போதும் சரி என்று எண்ணி அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டால் வால்வுகள் போய்விடும். மேனுவலின் படத்துக்கு மாற்றே கிடையாது.

இன்னொன்று: சில எஞ்சின்களில் கிராங்க் பல்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சிறு சாவிக்கட்டையே இருக்காது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதை இடத்தில் நிறுத்துகிறது. போல்ட்டைத் தளர்த்தியதும் பல்சக்கரம் தன் போக்கில் திரும்பும். அத்தகைய எஞ்சினில் பூட்டுக் கருவிகள் இல்லாமல் இறங்கவே கூடாது.

8. பழைய பெல்ட்டை எடுத்தல்

குறிகள் எல்லாம் நேர்பட்டதும், ஒவ்வொரு பல்சக்கரத்திலும் அதற்கு எதிரே உள்ள உறையிலும் வெள்ளைப் பெயிண்ட்டால் மெல்லிய கோடு இழுத்து, நேராக நின்று படம் எடுங்கள். சாய்வாக எடுத்த படம் குறியை ஒரு பல் தள்ளிக் காட்டும். பழைய பெல்ட்டில் குறிக்குக் குறி எத்தனை பற்கள் என்று எண்ணியும் எழுதி வையுங்கள்.

பின்களைப் பூட்டிய பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். பின் வசதி இல்லாத எஞ்சின்களில், குறிப்பாக வி-6 வகைகளில், வால்வு ஸ்பிரிங்கின் விசையால் ஒரு கேம் சட்டென்று திரும்பக்கூடும், விரல் பத்திரம். பெல்ட் இல்லாதபோது கேமையோ கிராங்கையோ சுற்றிப் பார்க்காதீர்கள். சில டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்ஷன் பம்பின் பல்சக்கரமும் இதே பெல்ட்டில் இருக்கும். அதன் குறியையும் மறவாதீர்கள்.

9. வாட்டர் பம்ப்

பழைய பம்பைக் கழற்றுவதற்கு முன், அதன் உடலில் உள்ள சிறு கசிவுத் துளையைப் பாருங்கள். உள்சீல் தேயும்போது கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிவதற்காக வைத்த துளை அது. என் எஞ்சினில் அதைச் சுற்றி இளஞ்சிவப்பாய் உப்புப்போல் உறைந்த படலம் இருந்தது. துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு காய்ந்த கோடும் ஓடியிருந்தது. தரையில் ஒரு சொட்டும் விழுந்ததில்லை, அளவும் குறைந்ததாகத் தெரியவில்லை; ஆனாலும் அந்தப் பம்பின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றலாமா என்று இன்னும் தயங்குபவர்கள் தங்கள் பம்பில் அந்தத் துளையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எவ்வளவுதான் வடித்திருந்தாலும், பம்பை இழுத்தவுடன் பிளாக்கில் தங்கிய கூலன்ட் கொட்டும். கிராங்க் சென்சாரையும் பல்சக்கரத்தையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு இழுங்கள். பம்ப் உட்காரும் தளத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். அலுமினியத்தில் சுழலும் தேய்ப்புத் தட்டைப் பயன்படுத்தினால் தளம் குழிந்து, புதிய கேஸ்கெட்டும் ஒழுகும். போல்ட் துளைகளுக்குள் தேங்கிய கூலன்ட்டை உறிஞ்சி எடுங்கள். அடி மூடிய துளையில் திரவத்தோடு போல்ட்டை இறுக்கினால் இறுக்க அளவு பொய் சொல்லும், துளையும் வெடிக்கலாம்.

ஓ-ரிங் வைத்த பம்புக்கு சீலன்ட் பூசாதீர்கள். ஓ-ரிங்கைக் கூலன்ட்டில் நனைத்து வைத்தால் போதும். காகிதக் கேஸ்கெட்டுக்கு மேனுவல் சொன்னால் மட்டும் சீலன்ட். சீலன்ட்டே கேஸ்கெட்டாக அமையும் எஞ்சின்களில், டியூபில் எழுதியிருக்கும் உலரும் நேரம் முழுவதும் கடந்த பிறகே கூலன்ட் ஊற்ற வேண்டும். நீங்கள் ஒதுக்கும் நாட்களில் அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டங்களில் உரிய அளவுக்கு இறுக்குங்கள். பம்ப் கையால் சுற்றும்போது தடையோ உரசலோ இருக்கக் கூடாது.

10. ஆயில் சீல், ஐட்லர், டென்ஷனர்

கிராங்க் சீலையும் கேம் சீலையும் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இப்போதே மாற்றுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் விரைவில் கெடும். பழைய சீலைக் குத்தி எடுக்கும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனர் இரண்டு வகையில் வரும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையில், புதியதற்குள் செருகியிருக்கும் பின்னைப் பெல்ட் பூட்டி முடிக்கும்வரை இழுக்காதீர்கள். இழுத்துவிட்டால், அதை வைஸில் நிமிர்த்திப் பிடித்து மிக மெதுவாக அழுத்தித்தான் பின்னைத் திரும்பச் செருக முடியும். மையம் விலகிய சக்கரம் கொண்ட ஸ்பிரிங் வகையில், அதன் பின்னால் உள்ள நாக்கு பிளாக்கின் காடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதைத் திருப்ப வேண்டிய திசையை மேனுவல் சொல்லும். தவறான திசையில் திருப்பினாலும் பெல்ட் இறுகியதுபோலவே தோன்றும், ஓடும்போது தளர்ந்துவிடும்.

11. புதிய பெல்ட்டைப் பூட்டுதல்

பெல்ட்டை மடிக்காதீர்கள், உட்புறத்தை வெளியே திருப்பாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே உள்ள கண்ணாடி இழை ஒருமுறை முறிந்தால் வெளியே தெரியாது. கையில் எண்ணெயோ கூலன்ட்டோ இருக்கக் கூடாது. பெல்ட்டில் திசை அம்பு இருந்தால் அது எஞ்சின் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும்.

கிராங்க் பல்சக்கரத்தில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் வழியாகப் பெல்ட்டை இறுக்கமாகவே கொண்டுபோய், ஒவ்வொரு பல்சக்கரமாக ஏற்றி, கடைசியில் டென்ஷனருக்கு வாருங்கள். தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்திலேயே சேர வேண்டும். மற்றப் பக்கத்தில் கொஞ்சம் தளர்வு தங்கிவிட்டால், டென்ஷனர் இழுக்கும்போது கேம் திரும்பிக் குறி விலகிவிடும். பிறகு டென்ஷனரை மேனுவல் சொன்னபடி விடுவித்து, அதன் முள் உரிய வெட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

12. கையால் இரண்டு சுற்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப் பின்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, கிராங்கை அதன் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அப்போது கேம் ஒரு சுற்று முடித்து, எல்லாக் குறிகளும் மீண்டும் பழைய இடத்தில் நேர்பட வேண்டும். வழியில் திடமான தடை தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வு பிஸ்டனைத் தொட்டதாக இருக்கலாம். ஸ்டார்ட்டரால் சுற்றியிருந்தால் வளைந்திருக்கும் வால்வு, கையால் சுற்றியதால் தப்பியிருக்கும்.

குறி கொஞ்சம் விலகினால் பரவாயில்லை என்று விடாதீர்கள். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. அந்த விலகலோடு எஞ்சின் ஓடினாலும் சரியாக இழுக்காது, சிலவற்றில் வால்வே முட்டும். பெல்ட்டைக் கழற்றி மறுபடி பூட்டுங்கள். அதே சமயம், சில பெல்ட்டுகளில் அச்சிட்ட வண்ணக் கோடுகள் சுற்றிய பிறகு குறிகளோடு நேர்படாது. அவை பூட்டும்போது உதவுவதற்கு மட்டும். உலோகக் குறிகளைப் பாருங்கள். டென்ஷனர் முள்ளையும் மறுபடி சரிபார்த்து, மேலும் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் பாருங்கள்.

13. திரும்ப மூடுதல்

கழற்றியதன் எதிர்வரிசையில் பூட்டுங்கள். கிராங்க் போல்ட் புதியதாக வேண்டும் என்று மேனுவல் சொன்னால், பழையதைப் போடாதீர்கள். அது இறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டது. அத்தகைய போல்ட்டை முதலில் குறிப்பிட்ட அளவு இறுக்கி, பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்ப வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், எது மீதம் என்ற குழப்பம் வராது.

14. கூலன்ட் நிரப்புதலும் காற்று வெளியேற்றுதலும்

மேனுவல் சொன்ன வகையையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக்கலவைகள் விற்கப்படுகின்றன. அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலப்பது வழக்கம். குழாய் நீரில் உள்ள உப்புகள் உள்ளே படியும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று தங்கினால் புதிய பம்ப் சுற்றினாலும் கூலன்ட் ஓடாது. எஞ்சின் மிகைச்சூடாகும், ஹீட்டரில் குளிர்காற்று வரும். பம்பில்தான் பழுது என்று பலர் தவறாக எண்ணுவது இதை வைத்துத்தான்.

15. முதல் ஸ்டார்ட்

எஞ்சின் பகுதியில் கருவியோ துணியோ விடுபடவில்லை என்று பார்த்துவிட்டுப் பேட்டரியை இணையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில வினாடிகள் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். உச்சத்தொனியில் ஊளையிட்டால் பெல்ட் மிகையாக இறுகியிருக்கிறது. கவரில் தட்டும் ஓசை வந்தால் தளர்ந்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 (P0016) என்ற பழுதுக் குறியீடு வந்தால், கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஓட்டாமல் குறிகளைத் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், மீண்டும் ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில், கூலன்ட் அளவைப் பாருங்கள். சிறிது குறைந்திருப்பது இயல்பு, நிரப்புங்கள். முதல் வாரத்தில் தினமும் பார்த்தும் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

16. பதிவுசெய்து வையுங்கள்

தேதி, ஓடோமீட்டர் காட்டிய கிலோமீட்டர், கிட்டின் பாக எண், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் ஆண்டும் ஆகியவற்றை ஒரு வில்லையில் எழுதி டைமிங் கவரின் மேல் ஒட்டுங்கள். பாகங்களின் பில்கள், குறிகள் நேர்பட்ட நிலையில் எடுத்த படங்கள், டென்ஷனர் முள்ளின் படம் ஆகியவற்றைச் சர்வீஸ் பதிவோடு சேர்த்து வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் சான்று இதுதான். பாகத்தில் குறை வந்து விற்பனையாளரிடம் போகும்போதும் இதையே காட்ட வேண்டியிருக்கும்.

ஒர்க் ஷாப்பில் கொடுத்துச் செய்பவர்களும் இதே விவரங்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் ஆகியவை தனித்தனி வரியில் இருக்கட்டும்; பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதைக் காரை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பழைய பம்ப் கைக்கு வந்தால்தான், பம்பும் மாற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியும்.